மகளுக்கு வாங்கிய ஃபிட் சீட்டு

என் மகள் விமானப் பணிப்பெண். ஒருநாள் காலையில் அவள் கம்பெனியின் பணிப்பெண்கள் எல்லோரும் "உடம்பு சரியில்லை" என்று மெசேஜ் போட்டுவிட்டு வேலைக்குப் போகவில்லை. புது ஒப்பந்தத்தில் சீனியர்களைக் கீழ்ப் பதவிக்கு இறக்கிவிட்டார்கள் என்பதுதான் சண்டை. பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து ஓசூர் வந்தவள், கீரைக் குழம்பு ஊற்றி இரண்டு களி உருண்டை சாப்பிட்டாள். காய்ச்சல்காரியாம்!

மறுநாள் கம்பெனி சிலரை வேலையை விட்டு நீக்கியது. அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பெண்ணுக்கும் லெட்டர் வந்தது. என் மகளுக்கு வரவில்லை. அடுத்த நாள் மாலை நான்கு மணிக்குள் வந்து சேராவிட்டால் மற்றவர்களுக்கும் அதே கதிதான் என்றார்கள்.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். எங்கள் பாக்டரியில் உடம்புக்கு லீவு போட்டவன் திரும்ப கேட்டுக்குள் நுழைய, 'வேலைக்குத் தகுதி' என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட ஃபிட் சீட்டு வேண்டும். விடிந்ததும் தெரிந்த டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆளைக் காட்டாமலே மகள் பெயருக்கு ஒன்று வாங்கிவந்தேன். பாக்டரி மூளை வேறு எப்படி வேலை செய்யும்?

"இந்தா, எடுத்துக்கினு கெளம்பு. பத்து மணி பஸ்ஸப் புடிச்சா போயி சேந்துடலாம்."

படித்துவிட்டுச் சிரித்தாள். "என் ரூம்காரிய மொதல்ல சேத்துக்கட்டும்ப்பா. அடுத்த நிமிஷம் எனக்குக் காய்ச்சல் விட்டுடும்."

"வேலை போனா என்னாடி பண்ணுவ? ஒரு சென்ட் நெலம் இருக்குதா நமக்கு?" என்று கத்தினேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றாள். ஆனால் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மணி நான்கானது. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் டெல்லி, கொச்சி, மும்பை என்று ஒவ்வொருத்தியாக எழுதினார்கள்: "எனக்கு இன்னும் காய்ச்சல்." ஒருத்திகூட உள்ளே போகவில்லை. அடேயப்பா! கொடி இல்லை, கோஷம் இல்லை, பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. எப்படி நின்றார்கள்? காலையில் திட்டிய எனக்கு, பெற்ற மகளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பேச்சுவார்த்தையில் எல்லா லெட்டரையும் வாபஸ் வாங்கினார்கள். சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டே மகள் கேட்டாள்.

"உங்க பாக்டரியில முன்ன ஸ்ட்ரைக் நடந்தப்போ யாராச்சும் உள்ள போனாங்களாப்பா?"

"போனோம். நாலு பேரு."

அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். "வெளிய நின்னவங்க?"

"என் பக்கத்து மெஷின்காரன மட்டும் திரும்ப எடுக்கவேயில்ல," என்றேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.