மாஸ்டர் எவ்ளோ சொன்னாரு?

கூனிமேட்டில் ஒரு பாய் வீட்டுக் கூடத்தில் டிராயிங் மாஸ்டர் டீயை ஊதிக் குடித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பாயின் மகளுக்கு நிக்காஹ். போட்டோ எடுக்க பாய் என்னை வரச் சொல்லியிருந்தார். அவர் மகன் மாஸ்டரை வரச் சொல்லியிருந்தான். அப்பனும் மகனும் பேசிக்கொள்ளாததால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சோபாவில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். "ரேட்டு எவ்ளோ வரும் மாஸ்டர்?" என்று பாய் கேட்டார். "முப்பத்தஞ்சாயிரம் பாய்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் டீ கிளாஸைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். விளக்கமும் இல்லை, இளிப்பும் இல்லை. பிறகு ஆல்பத்தில் எத்தனை பக்கம் வரும் என்று பாய்தான் பதறிக்கொண்டு கேட்டார். அடுத்து என் பக்கம் திரும்பினார். "நமக்குள்ள இன்னா பாய், நீங்களே பாத்துக் குடுங்க" என்றேன். வேலை மாஸ்டருக்குப் போனது.

அவர் மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வெளியூர்க்காரர், என்னைவிட நாலு வயது சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நான் உப்பள முதலாளி ஒருவரின் எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். முகூர்த்த நாள் வந்தால் இருவருமே லீவு போட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொள்வோம். போட்டோவில் அவருக்கு நான் குறைந்தவன் இல்லை. தாலி ஏறுகிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவளின் முகத்தை என்னைப்போல் அவர் பிடித்ததில்லை. இதை எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். ஆனால் கல்யாண ஜோடிகளை உப்புப் பாத்திக்குக் கூட்டிவந்து, வரப்பில் நிற்கவைத்து, தண்ணீரில் விழுகிற நிழலோடு படம் எடுக்கலாம் என்று முதலில் தோன்றியது அவருக்குத்தான். பிறந்ததிலிருந்து அந்த வரப்பில் நடந்தவன் நான். எனக்குத் தோன்றவில்லை. அதற்கே ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இருந்தாலும் அவர் கண்ணைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதைவிட வாயைப் பார்த்துப் பட்டதுதான் அதிகம். ஒரு தொகையைச் சொல்லிவிட்டு எப்படி ஒரு மனுஷனால் சும்மா இருக்க முடிகிறது? எங்கள் குடும்பம் உப்பெடுத்த குடும்பம். மூட்டை என்ன விலை என்று என் அப்பா ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. தரகர் வருவார், உப்பை அள்ளிப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சரி என்பார். விலை என்பது வாங்குகிறவன் வாயிலிருந்து வருவது என்றே நான் வளர்ந்தேன்.

அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் ரேட்டு கேட்டாலும், "மாஸ்டர் எவ்ளோ சொன்னாரு?" என்று திருப்பிக் கேட்பேன். "இருபது சொன்னாருங்க" என்பார்கள். "அப்ப எனக்குப் பதினெட்டு குடுங்க" என்பேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. கூனிமேட்டில் முப்பத்தைந்து கேட்ட ஆள் மற்ற இடங்களில் இருபதுக்கும் பத்தொன்பதுக்கும் இறங்கி வருகிறாரே என்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "மாசம் பொறந்தா கவர்மென்ட் சம்பளம் வருது, எதுக்கு என் வயித்துல அடிக்கிறான்?" என்று வீட்டில் கத்துவேன். "ஏன்யா, நீ போட்டோ எடுக்கப் போறியா, அந்த மனுஷன மொறைக்கப் போறியா?" என்பாள் என் மனைவி.

பெருமுக்கல்லில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் ஒரு போட்டோகிராபரையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோகிராபரையும் வைப்பது சகஜம். பெண் வீட்டுக்கு அவர், மாப்பிள்ளை வீட்டுக்கு நான். மேடையில் ஒருவர் முழங்கையை ஒருவர் இடித்துக்கொண்டு படம் எடுத்து முடித்து, கடைசிப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். "தப்பா நெனைக்காதீங்கண்ணே, இவங்ககிட்ட எவ்ளோ பேசினீங்க?" என்று கேட்டார். பதினெட்டு என்றேன். பசியும் கடுப்பும் சேர்ந்து, "பொண்ணு வூட்டுக்கு நீங்க இருபதுக்கு ஒத்துக்கினீங்களாமே, அப்புறம் நான் எவ்ளோ கேக்கறது?" என்று வாய்விட்டுக் கேட்டும் விட்டேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நான் எங்கண்ணே இருபது சொன்னேன்? எல்லாருக்கும் அதே முப்பத்தஞ்சுதான். யாருக்கும் ஒரு ரூபா கொறைச்சதில்லையே."

என் கேள்வி ஊருக்கே தெரிந்திருக்கிறது. மாஸ்டர் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு தொகையை அடித்துவிட்டால் நான் அதிலிருந்து இரண்டு இறங்குவேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நியாயமாக அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ மாஸ்டர்மேல் வந்தது. ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் இத்தனை வேலை பிடித்திருக்கிறானே!

"சரிண்ணே, இனிமே எவ்ளோ சொல்லுவீங்க?" என்றார்.

"நாப்பது!" என்றேன், வீம்புக்கு. அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "சொல்லுங்கண்ணே" என்றுவிட்டு ரசம் கேட்டார்.

அடுத்த தையில் என் முதலாளி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாலுகாவே வந்து நிற்கப்போகிற கல்யாணம். முதலாளியின் எடைமேடையிலேயே நான் உட்கார்ந்திருக்க, அந்த வேலை மாஸ்டருக்குப் போனால் ஒரு லாரி டிரைவர் முகத்தில்கூட விழிக்க முடியாது. ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "ஏம்பா, போட்டோவுக்கு எவ்ளோ ஆவும்?" என்றார். மாஸ்டர் எவ்வளவு சொன்னார் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "நாப்பதாயிரங்க" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். பேசாதே, பேசாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலாளி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி, எடு" என்றார்.

அப்பா! அந்த ஒரு மாதம் நான் நடந்த நடை இருக்கிறதே. மாஸ்டரைவிட ஐந்தாயிரம் கூட. வழியில் அவர் வண்டியைப் பார்த்தால் நானே முந்திக்கொண்டு கை தூக்கினேன். கல்யாணத்தை உயிரைக் கொடுத்து எடுத்தேன்.

ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதலாளி ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் புரட்டினார். தாலி கட்டுகிற நேரத்தில் அவர் மனைவி அழுத படத்தில் விரலை வைத்து, "அந்த மாஸ்டர் சொன்னது சரியாத்தான் இருக்குது" என்றார்.

"என்னங்க சொன்னாரு?"

"முதல்ல அவரத்தான் கேட்டோம். ஒங்ககிட்டயே ஆள வச்சிக்கினு என்னை ஏன் கேக்கறீங்கன்னாரு. அண்ணன் மாதிரி முகம் எடுக்க இங்க ஆளில்ல, நாப்பது சொல்லுவாரு, பேரம் பேசாம குடுங்கன்னு சொல்லிட்டாரு."

எடைமேடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். லாரி நின்றுகொண்டிருந்தது, சீட்டு எழுதக் கை வரவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதற்கு முன்னாலேயே அது முடிந்துபோன பேரமா? இதையும் அந்த ஆளே செய்துவிட்டானா? நன்றி சொல்லத்தான் போன் போட்டேன். சத்தியமாக அதற்குத்தான் போட்டேன்.

"சொல்லுங்கண்ணே" என்றார்.

"மாஸ்டர், இப்ப எவ்ளோ வாங்கறீங்க?"

"அதே முப்பத்தஞ்சுதாண்ணே."

"எத்தினி வருஷம் அதையே சொல்லுவீங்க? ஏத்துங்க. நீங்களும் நாப்பது சொல்லுங்க" என்றேன். எனக்கு வந்த நன்றி அவ்வளவுதான்.

"சரிண்ணே" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அனுமந்தையிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை, நாற்பது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உடனே ஒப்புக்கொண்டார்கள். கிளம்பும்போது பெண்ணின் மாமன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், மாஸ்டர் நாற்பத்தைந்து சொன்னாராம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.