நடை சாத்தும் நேரம்

மலையேறும்போது அவனைப் போலப் பேசுகிறவனை நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க நிற்பான். மூச்சு வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிடுவான். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்து மெஷின், கள்ளிக்குப்பத்துக்காரன். மனைவிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்த முறை ஏழாம் மாதம். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மலையுச்சிக் கோவிலில் பால் அபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தான். எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. உச்சியில் நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கார் என்னுடையது.

பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. படிகளெல்லாம் வாய்க்காலாக ஓடின.

"கொஞ்சம் நில்லு மச்சான், வழுக்குது."

"நீ தொப்பையைத் தூக்கிக்கிட்டு வர்ற வேகத்துக்கு உன் புள்ள பொறந்து ஸ்கூலுக்கே போயிரும்" என்றேன்.

சிரித்தான். எது சொன்னாலும் சிரிக்கிறவனைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஏதாவது சொல்லத் தோன்றும். இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய பாறையில் அவனை விட்டுவிட்டு நான் போய்விட்டேன்.

உச்சியில் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. போன் நனைந்து செத்திருந்தது. கோவிலில் அர்ச்சகரும் இல்லை, கதவும் இல்லை. வந்தவர்களே தண்ணீர் ஊற்றிக் கற்பூரம் கொளுத்தினார்கள். ராத்திரி பகல் எந்நேரமும் இப்படித்தான் என்றார் ஒரு அம்மா. ஒரு கும்பிடுகூடப் போடாமல் இறங்கினேன்.

அதற்குள் அவன் சங்கிலியைத் தாண்டி வந்திருந்தான். முழங்கையில் ரத்தம். காலையில் பட்டாபிராமில் என் வீட்டெதிரே வாங்கிய பால் பாக்கெட் சட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

"சாமி பாத்தியா மச்சான்? இன்னும் எவ்ளோ தூரம் கீது?"

பத்து நிமிடம்தான். ஆனால் அவன் ஏறி, ஊற்றி, இறங்கும்வரை நான் மழையில் நிற்க வேண்டும். குளிர் வேறு, படம் போன எரிச்சல் வேறு.

"நடை சாத்திட்டாங்க. மழைன்னு அய்யர் சீக்கிரமே கிளம்பிட்டாரு."

அவன் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தான். பிறகு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, நின்ற பாறையிலேயே ஊற்றிக் கும்பிட்டான். பால் நாலடி வெள்ளையாக ஓடி மழைத் தண்ணீரில் கரைந்தது.

"ரொம்ப நடுங்குற மச்சான்" என்று, நனையாமல் பையில் வைத்திருந்த துண்டை என் தோளில் போட்டான். நானும் வெட்கமில்லாமல் போர்த்திக்கொண்டேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். "இவன் மட்டும் எறங்கி வந்து கூட்டிகினு போகலன்னா, அந்த மழையில நான் அவ்ளோதான்" என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொல்வான். நான் தலை நிமிராமல் சாப்பிடுவேன்.

நேற்று வந்து நின்றான்.

"வேண்டுதல் பாக்கி கீது மச்சான். ஞாயித்துக்கிழமை பாப்பாவைத் தூக்கிகினு ஊட்ல எல்லாரும் போறோம். நீயும் வா. நடை எத்தினி மணிக்கு சாத்துவாங்க?"

கால் வலி, வரமுடியாது என்றேன். மூன்று மணிக்குச் சாத்துவார்கள் என்றும் சொன்னேன்.

போனதும் தெரிந்துவிடும். அதற்குமுன் நானே சொல்லிவிடலாம், நான்கு நாள் இருக்கிறது. சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆயுசில் எதையும் வேண்டிக்கொள்ளாதவன் இப்போது அந்தச் சாமியிடம் ஒன்று கேட்கிறேன்: அவர்கள் சங்கிலிப் பாறைக்கு வரும்போது, அன்றைக்குப் போலவே மழை கொட்ட வேண்டும்.