மல்லிகாவுக்காக மண்டபமே எழுந்து நின்றது

எங்கள் அங்கன்வாடிச் சங்கத்தின் அகில இந்திய மாநாட்டுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் வெள்ளிமலை மல்லிகாவும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு காய்ச்சலில் மல்லிகா போய்விட்டாள். நான் மட்டும் போய்வந்தேன்.

இன்று வெள்ளிமலை பஸ்ஸில் அவள் வீட்டுக்காரர் எனக்குப் பின் சீட்டில் இருந்தார்.

"மாநாடு நல்லா நடந்துச்சுங்களா, டீச்சர்?"

அஞ்சலித் தீர்மானத்தில் மறைந்த தலைவர்களின் பெயர்கள்தான் இருந்தன. நான் மல்லிகாவின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி மேடைக்கு அனுப்பினேன். அதையும் படித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். அதை அவரிடம் சொன்னேன்.

"எத்தினி பேரு நின்னாங்க?"

"மண்டபம் பூரா நின்னுச்சுண்ணே."



"வூட்ல அவ ஒக்காந்து நான் பாத்ததே இல்ல டீச்சர். எப்பவும் நின்னுக்கினே இருப்பா. ஒரு நாளாவது, செத்த ஒக்காருன்னு நான் சொல்லியிருக்கலாம்."

கச்சிராயபாளையத்தில் நான் இறங்கிக்கொண்டேன்.

மாநாட்டில் பேசுவதற்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனவள் நான். அவரிடம் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கிடைத்தால் கீழே எழுதுங்கள். அந்த பஸ்ஸில்தான் நாளையும் போகிறேன்.