கொசு கடித்த இடம்

ரத்த ஸ்லைடில் மலேரியாக் கிருமி தேடும் வேலையில் கிருமியைவிட ஸ்லைடோடு வரும் ஃபாரம்தான் உயிரை வாங்கும். மைக்ராஸ்கோப்பில் எந்த ஊர்க் கிருமியும் ஒரே மாதிரிதான்; குணம் மட்டும் இடத்துக்கு இடம் வேறு. தாய்லாந்து எல்லைக் காட்டுக் கிருமி, எண்பதுகளில் நாங்கள் கொடுத்த வழக்கமான மாத்திரைக்கு அசைந்து கொடுக்காது. அதனால்தான் கொசு எங்கே கடித்தது என்று கேட்கிறோம். என்னைப் போல் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்காகத்தான் இது.

எல்லாம் ஜார்ஜ் டவுன்

ஒரு முறை பன்னிரண்டு ஃபாரம் வந்தது. பன்னிரண்டிலும் கடித்த இடம் ஜார்ஜ் டவுன். எங்கள் ஆஸ்பத்திரி இருக்கும், மலேரியாக் கொசுவே இல்லாத தீவுப் பட்டணம் இது! எரிச்சலோடு வார்டுக்குப் போன் போட்டேன். எழுதிய கிளார்க் அக்கா நிதானமாகச் சொன்னார்:

"ஆளு இங்கதானே படுத்திருக்காரு தம்பி. வேற எந்த ஊர எழுதச் சொல்றீங்க?"

நில அளவைக்காரர்

பக்கத்து ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த நில அளவைக்காரர் ஃபாரத்தைத் தாமே அழகான கையெழுத்தில் நிரப்பினார். கடித்த ஊர்: யாழ்ப்பாணம். அவர் அங்கே கால் வைத்ததே இல்லை. அப்பா பிறந்த ஊராம். துருவிக் கேட்டதில், போன மாதம் எல்லையோரக் கிளந்தான் காட்டில் கூடாரம் போட்டிருந்தது வெளியே வந்தது. திருத்தச் சொன்னேன். முறைத்தார்.

"ஒரு கொசு கடிச்சதுக்காக என்ர ஊரை மாத்தேலுமோ?"

வேலு

எதிர்க்கரைத் தாசேக் கெலுகோர்க்காரன் வேலு, மரம் வெட்டுகிறவன். வீட்டிலேயே கடித்தது என்றான். வழக்கமான மாத்திரை கொடுத்தார்கள். நான்காம் நாள் ஸ்லைடிலும் கிருமி அப்படியே மொய்த்தது. வார்டுக்கு ஓடினேன். அவனுக்கு நினைவில்லை. அவன் மனைவி அழுதுகொண்டே சொன்னாள்: காண்ட்ராக்டர் அவனைப் பாஸ்போர்ட் இல்லாமல் தாய்லாந்து எல்லை தாண்டி மரம் வெட்டக் கூட்டிப்போயிருக்கிறார், வாயைத் திறந்தால் வேலை இல்லை என்றும் மிரட்டியிருக்கிறார். உடனே மருந்தை மாற்றினார்கள். மறுநாள் வேலு போய்விட்டான்.

காண்ட்ராக்டர் மாலையோடு வந்தார். சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் சொன்னது:

"போலீஸ்கிட்ட சொல்லாதேன்னுதான் சொன்னேன் லா. டாக்டர்கிட்டயும் சொல்லமாட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை வருஷத்தில், தான் வந்த இடத்தை ஒளிக்காமல் காட்டியது அந்தக் கிருமி ஒன்றுதான்.