மீன் வறுக்கிறவளிடம் வந்த கலர் மீன்

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மீன் வறுத்து விற்கிறேன். எதிர் வீட்டில் காலேஜ் படிக்கும் பெண் ஒரு கலர் மீன் வளர்த்தாள். பயந்துகொண்டு அதை என் அடுப்புப் பக்கமே காட்டமாட்டாள். சில நாளாய் அவள் காலேஜுக்கும் போகவில்லை, யாரோடும் பேசவுமில்லை. ஒருநாள் அந்த மீனைப் பாட்டிலோடு என்னிடம் நீட்டினாள்.

“நீயே வச்சுக்க ஆயா. எனக்கு இனிமே வேணாம்.”

“மீன் வறுக்கிறவகிட்டயா குடுக்கறே? இன்னாடி ஆச்சு உனக்கு?”

அவள் சிரிக்கவில்லை. மீன் விலையைக்கூடச் சத்தமாய்ச் சொல்லக் கூச்சப்படுகிற நான், அன்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“செத்துப்போலாம்னு தோணுதா கண்ணு?”

“ஆமா ஆயா” என்று அழுதாள்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் அம்மாவை வேலையிலிருந்து வரவழைத்து, ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். விட்டுவிட்டுப் போனால் பூனை தின்றுவிடும் என்று மீன் பாட்டிலும் என் மடியில் வந்தது. டாக்டர் என்னையும் பாட்டிலையும் மாறிமாறிப் பார்த்தார்.

“யாருக்கும்மா உடம்பு சரியில்லே?”

“மீனு நல்லாத்தான் கீது சார். எனக்குத்தான்” என்றாள் அவள்.

இப்போதும் அந்த டாக்டரிடம் போய்வருகிறாள். மீனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அது சிவப்பா மஞ்சளா என்பது எனக்கு மறந்துவிட்டது. அவளே இதைப் படித்துத் திருத்தட்டும்.