கடைசி ஆளுக்குப் பின்னால்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது என்று சொல்லத்தான் ஆசை. எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் 'பாய்க்குத் தண்ணி பத்தல, மண்டை காஞ்சிருச்சு' என்று சிரிப்புப் பொம்மை போட்ட அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அன்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்தேன். மண்டையும் தெளிவாகத்தான் இருந்தது. நம்பாதவர்கள் ஒரு நாள் சாயங்காலம் நான் சொல்லும் இடத்துக்குத் தனியாகப் போய்விட்டு வந்து பேசட்டும்.

என் பெயர் அக்மல். திண்டுக்கல்லில் அத்தா காலத்திலிருந்து தோல் வியாபாரம். சுகர் வந்துவிடும் என்று டாக்டர் மிரட்டியதால் ஓட ஆரம்பித்தவன். போன ஜனவரியில் எங்கள் குழு சாணார்பட்டிப் பக்கம், மலையடிவாரக் காட்டில் ஓர் ஓட்டம் நடத்தியது. ரோட்டில் ஓடுவது வேறு, இது வேறு. ஒற்றையடிப் பாதை, கல், முள், ஏற்றம், இறக்கம் என்று பன்னிரண்டு கிலோமீட்டர். வழி தெரிய மரத்துக்கு மரம் அடையாளம் கட்டுவோம். வனத்துறையில் அனுமதி கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்கள். பிளாஸ்டிக் ரிப்பன் கூடாது, துணிதான் கட்ட வேண்டும். கட்டிய துணி ஒன்றுகூடக் காட்டில் மிச்சம் இருக்கக் கூடாது. ஆறரைக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அதனால் ஆரஞ்சு நிறத் துணி வாங்கி, பட்டை பட்டையாகக் கிழித்துக் கட்டினோம்.

எனக்குக் கிடைத்த வேலைக்குப் பெயர் 'கடைசி ஆள்'. ஓடுகிறவர்களில் ரொம்ப மெதுவாக வருபவர் யாரோ, அவருக்கும் பின்னால் நான் போக வேண்டும். துணிகளை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வர வேண்டும். யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் பாதையில் ஒருவரும் இருக்க முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மெதுவாக வந்தவர் இசைவாணி. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதுதான் அவருக்கு முதல் காட்டு ஓட்டம். பாதித் தூரம் தாண்டியதும் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வைத்திருந்த இடத்தில் ஜீப் நின்றது. ஏறிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"போங்க பாய். ஜீப்புல போயி இறங்குனா எம் மகன் வருசம் பூராச் சொல்லிச் சிரிப்பான். நடந்தாச்சும் முடிச்சிர்றேன்."

எனக்குக் கடுப்புதான். ஆனால் அவரைப் பத்திரமாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. மூன்று மணிக்குத் தொடங்கிய ஓட்டம். ஜீப் கிளம்பிப் போனபோது மணி ஐந்து தாண்டிவிட்டது.

முதலில் இடறியது முடிச்சு.

காலையில் துணி கட்டியவன் செழியன். கூடவே நானும் இருந்தேன். எல்லாம் தோள் உயரத்தில், நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் சுருக்கு முடிச்சு. ஐந்தே முக்காலுக்கு ஒரு முடிச்சு அவிழ மறுத்தது. குருட்டு முடிச்சு. பல்லால் கடித்துத்தான் எடுத்தேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது இடுப்பு உயரத்தில் இருந்தது. அதற்கும் அடுத்தது முழங்காலுக்குக் கீழே. செழியனை மனதுக்குள் கண்டபடி திட்டிக்கொண்டே குனிந்து குனிந்து அவிழ்த்தேன்.

வாயில் ஒரு ருசி ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த வாடைதான் அது. உரித்த தோலுக்கு உடனே உப்புப் போட வேண்டும். ஒரு நாள் விட்டால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள்... குடோனில் வளர்ந்த எனக்கே குமட்டும். காட்டுக்கு நடுவில், துணியில், அந்த நாற்றம்.

காலையில் வந்த பாதை இடது பக்கம் இறங்கியதாக ஞாபகம். துணியோ வலது பக்கம் மேலே கூட்டிக்கொண்டு போனது. நின்று யோசித்தேன். ஆனால் ஞாபகத்தை நம்பாதே, துணியை நம்பு என்பதுதான் காட்டு ஓட்டத்தில் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பது. துணியை நம்பினேன்.

வெளிச்சம் குறைந்தது. எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அப்போதுதான் சத்தம் கேட்டது.

சரக்... சரக்... சர்ர்ர்.

சருகை மிதித்து இரண்டு எட்டு. பிறகு எதையோ இழுப்பது போல ஓர் இழுவை. இசைவாணி நொண்டி நடப்பதன் எதிரொலி என்று நினைத்தேன். அவர் தண்ணீர் குடிக்க நின்றார். நானும் நின்றேன்.

சரக்... சரக்... சர்ர்ர்.

பின்னால்.

"பாய், பின்னாடி யாரோ வாராங்க. செத்த நேரம் நின்னு கூட்டிட்டுப் போவோமா?" என்றார் இசைவாணி.

"நமக்குப் பின்னாடி யாரும் இல்ல சிஸ்டர்."

"கேக்குதுல்ல?"

கேட்டது. ஆடு மாடாக இருக்கலாம் என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவேளை யாரையாவது தவற விட்டுவிட்டேனா? போனில் ஒரே ஒரு புள்ளி சிக்னல். முடிவிடத்தில் நின்று ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சகாயராஜைக் கூப்பிட்டேன். மணி ஆறு இருபத்திரண்டு.

"எல்லாரும் வந்தாச்சு மாப்ள. நீயும் அந்த சிஸ்டரும்தான் பாக்கி. எங்கடா இருக்கீங்க?"

"எனக்குப் பின்னாடி யாராச்சும் இருக்காங்களான்னு சரியாப் பாரு."

"லூசாடா நீ? கடைசி ஆளே நீதான?"

அவன் சொல்லி முடிக்கவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"பாய்... நில்லுங்க பாய்..."

நைந்த குரல். வலியில் இருப்பவன் குரல். என்னை 'பாய்' என்று கூப்பிட அதற்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் வேலை யாரையும் விட்டுவிட்டு வராமல் இருப்பது. திரும்பி நாலு எட்டு வைத்துவிட்டேன். டார்ச்சை அடித்தேன்.

பாதை காலி.

நான் துணி அவிழ்த்துவிட்டு வந்த மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும், முழங்காலுக்குக் கீழே, மறுபடியும் துணி கட்டியிருந்தது.

பிறகு நான் இசைவாணியின் பக்கம் ஓடினேன். அவர் பத்தடி முன்னால், அடுத்த துணியைப் பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். ஒரு கிளையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டியபடி போனார்.

தரை இல்லை.

அவர் பையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாந்து விழுந்தோம். காலடியில் பழைய கல்குவாரி. டார்ச் வெளிச்சம் அடிவரை போகவில்லை. அடியில் எங்கேயோ தண்ணீர் கறுப்பாகப் பளபளத்தது. எங்கள் காலில் பட்ட கல் ஒன்று உருண்டு போனது. அது தண்ணீரில் விழும் சத்தம் வர ரொம்ப நேரம் ஆனது. அந்தத் துணி பள்ளத்துக்கு நேர் மேலே, மனிதக் கை எட்டாத கிளையில் தொங்கியது.

எங்களைக் கொல்லத்தான் கூட்டி வந்திருக்கிறது. அப்போது எனக்குப் பளிச்சென்று புரிந்தது.

போனில் கத்தினேன். "சகா, வண்டி ஹாரன அடி. விடாம அடி. துணியப் பாக்க மாட்டோம். சத்தத்த வச்சு வாரோம்."

கீழே தூரத்தில் ஹாரன் கேட்டது.

பாம்... பாம்...

இசைவாணியின் கையைப் பிடித்தேன். ஐஸாகச் சில்லிட்டிருந்தது. முள்ளோ புதரோ பார்க்காமல் இறங்கினோம்.

சரக். சரக். சர்ர்ர்.

இப்போது வேகமாக.

பாம்... பாம்...

நின்றேன். ஹாரன் பின்னாலிருந்து வந்தது.

ஹாரன் இல்லை அது. யாரோ வாயால் ஊதும் சத்தம். மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி ஊதும் சத்தம்.

"நடங்க சிஸ்டர்... முன்னாடி கேக்குறதுதான் நெசம்."

நடந்தோம்.

அப்போது அது குரலை மாற்றியது.

"பாய்... நான் இங்க இருக்கேன்..."

இசைவாணியின் குரல். பின்னாலிருந்து.

"கால் வலிக்குது பாய்... என்னய விட்டுட்டு... யாரக் கூட்டிட்டுப் போறீங்க?"

கையில் இருந்த கை சில்லென்று இருந்தது.

டார்ச்சைத் திருப்பி அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

"அது நான் இல்ல பாய்," என்றது என் பக்கத்துக் குரல்.

"பாய்ய்ய்..." என்று அழுதது பின்னால் இருந்த குரல்.

இரண்டும் ஒரே குரல்.

கையை விடவில்லை.

ஓடினேன்.

வண்டி விளக்கு கண்ணில் பட்டபோது மணி ஏழு இருபத்தைந்து. சகாயராஜ் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அழுதுகொண்டிருந்தான். வெளிச்சத்தில் பார்த்தேன். பக்கத்தில் இசைவாணிதான் நின்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. வண்டியில் ஏறும்போது அவர் காட்டைத் திரும்பிப் பார்த்து, "நம்ம முடிக்கலயே பாய்," என்றார்.

மறுநாள் காலை என் மனைவி ரஃபியா சத்தம் போட்டாள். "என்னங்க பையில வச்சிருக்கீங்க? வீடே நாறுது!"

மாடிக்கு எடுத்துப் போய்க் கொட்டினேன். மேலே கிடந்த பாதி எங்கள் ஆரஞ்சுத் துணி இல்லை. காட்டில் அவிழ்க்கும்போது என் கண்ணுக்கு எல்லாம் ஆரஞ்சாகத்தான் தெரிந்தது. காக்கித் துணி. கட்டம் போட்ட லுங்கி. சாயம் போன சேலைக் கரை. ஒரு பள்ளிக்கூடச் சீருடைத் துணி. எல்லாம் ஒரே அகலத்தில் கிழித்தவை. சில தொட்டதும் பொடிந்தன.

ஒன்று மட்டும் புதிது. நீலம். ஓட்டத்துக்காக நாங்கள் எல்லோருக்கும் கொடுத்த டீ-ஷர்ட்டின் நீலம்.

என் டீ-ஷர்ட்டை எடுத்து விரித்தேன். முதுகுப் பக்கம், கீழ் ஓரத்தில், ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை இல்லை. எப்போது கிழித்தது? எனக்குப் பின்னால் அவ்வளவு நெருக்கமாக நின்று கிழித்து, எனக்கு முன்னால் போய்க் கட்டி, அதை என் கையாலேயே அவிழ்க்க வைத்திருக்கிறது.

இசைவாணிக்குப் போன் செய்தேன். டீ-ஷர்ட்டைப் பார்க்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"பின்னாடி ஒரு துண்டு இல்ல பாய்."

அந்தத் துண்டு என் பையில் இல்லை. குவாரிப் பள்ளத்துக்கு மேலே தொங்கியது எது என்று அப்போது எனக்குப் புரிந்தது. இரண்டு நாள் கழித்து, உச்சி வெயிலில், நானும் சகாயராஜும் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனோம். பாதை மரங்களில் ஒரு துணிகூட இல்லை. கிளையில் மட்டும் அந்த நீலப் பட்டை ஆடிக்கொண்டிருந்தது. கம்பு கட்டி நீட்டிப் பார்த்தோம், கயிறு வீசிப் பார்த்தோம். எட்டவில்லை. காட்டில் ஒரு துணிகூட மிச்சம் வைக்கக் கூடாது என்றார்கள். ஒன்று மிச்சம் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் விடிவதற்கு முன்பு இசைவாணிக்குப் போன் செய்கிறேன். விட்ட ஓட்டத்தை முடிக்க அந்தப் பக்கம் கிளம்பிப் போய்விடுவாரோ என்று பயம். ஒவ்வொரு முறையும் "வீட்லதான் இருக்கேன் பாய்" என்பார். வைத்துவிடுவேன்.

போன ஞாயிறும் அதையேதான் சொன்னார். நான்தான் உடனே வைக்கவில்லை. அவர் போனைக் கையில் பிடித்தபடி அடுப்படிக்கு நடந்து போனார்.

சரக்... சரக்... சர்ர்ர்.

"சிஸ்டர், அது என்ன சத்தம்?"

"எது பாய்? நான்தான் நடக்குறேன்."

அவர் வீடு ஆர்.எம். காலனியில், மூன்றாவது மாடியில். டைல்ஸ் தரை. பக்கத்தில் மரம்கூடக் கிடையாது.

அன்று காட்டில் இரண்டு குரல் கேட்டது. நான் ஒரு கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.