வளையல் பார்சலுக்கு வக்காலத்து

போன புதன்கிழமை செஞ்சியில் முன்பின் தெரியாத ஒருவருக்காக நியாயம் கேட்டுச் சண்டை போட்டேன். நல்லவேளை, தோற்றுப்போனேன். ஜெயித்திருந்தால்... ஒரு பெட்டி பெத்திடின் ஊருக்குள் போயிருக்கும். ஃபாக்டரியில் தயாராகும் ஊசி மருந்து. வலி தாங்காத நோயாளிக்கு டாக்டர் எழுதித் தந்தால்தான் கிடைக்க வேண்டும். அதைத் திருட்டுத்தனமாகப் போதைக்கு விற்கிறார்கள்.

அக்காவுக்காக மெட்ராஸில் புக் செய்திருந்த டேபிள் ஃபேனை எடுக்க, லாரி ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே கிளார்க் கரீம் பாய். எதிர் பெஞ்சில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், 'வளையல்' என்று எழுதிய அட்டைப்பெட்டிக்காகக் காத்திருந்தார். பெட்டியோ கம்பி வலைக்கு அந்தப் பக்கம், கண்ணெதிரே இருக்கிறது!

"கொடவுன் சாவிய காணோம் சார். டீ சாப்டுங்க, இதோ தேடிடறேன்" என்றார் பாய்.

பத்து நிமிஷம். அரை மணி. ஒரு மணி... கரண்ட் வேறு இல்லை. கோட்டை மலைப் பாறையின் சூடெல்லாம் அந்த ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பொறுமை என்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. எழுந்து கத்தினேன்.

"என்ன பாய் இது? பாவம், அவரை இன்னும் எவ்வளவு நேரம் காக்க வைப்பீங்க? சாவி உங்க இடுப்பிலேயே தொங்குதே!"

வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது. "சாரே சொல்றாரில்ல? குடு பாய்."

பாயின் முகம் வெளுத்துவிட்டது. "அது... வூட்டு சாவிங்க."

மாமூலுக்காகத்தான் இழுத்தடிக்கிறார் என்று முடிவுகட்டினேன். 'பத்திரிகையில் எழுதுவேன்' என்றுகூட மிரட்டினேன்.

அப்போதுதான் வியர்த்து விறுவிறுத்து ஒருவர் நுழைந்தார். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். விழுப்புரத்திலிருந்து வந்த மருந்து இன்ஸ்பெக்டராம். பாய் காலையிலேயே டிரங்க் கால் போட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் இலாகா ஜீப் ரிப்பேர்... இன்ஸ்பெக்டர் பஸ் பிடித்து வந்திருக்கிறார்!

பெட்டியைப் பிரித்தார்கள். மேலே நாலு டஜன் வளையல். அடியில் முழுக்க ஊசி மருந்து.

"எப்படி பாய் கண்டுபிடிச்சீங்க?" அசடு வழியக் கேட்டேன்.

"வளையல் எடுக்க வர்றவங்க ஒடைஞ்சிருக்குதான்னு குலுக்கிப் பாக்காம கையெழுத்து போட மாட்டாங்க சார். இவரு இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு வாட்டியும் அப்டியே தூக்கினு போனாரு. போன மாசம் நம்ம லோடுமேன் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஊசியோட செத்துக் கெடந்தான்... மனசு கேக்கல."

"எங்ககிட்ட ஆள் ஏது சார்? லாரி ஆபீஸ், மெடிக்கல் ஷாப்னு இவங்க சொன்னாத்தான் உண்டு" என்றார் இன்ஸ்பெக்டர். ஆளையும் பெட்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவும் லாரி ஆபீஸ் டெம்போதான். அரசும் தனியாரும் கைகோக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகிறார்களே, அது இதுதான் போலிருக்கிறது. மூளையும் வண்டியும் தனியார். அரக்கு சீல் மட்டும் அரசாங்கம்.

சாட்சிக் கையெழுத்து என்றதும் வேடிக்கை பார்த்த கூட்டம் மாயமாகிவிட்டது. நாளைக்கும் அதே நாற்காலியில் உட்கார வேண்டிய கரீம் பாய், தன் பெயர், தகப்பனார் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனா என்னிடம் வந்தது. அவர் பார்வையும்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறவன் நான்.

அன்று நான் கிறுக்கிய கையெழுத்தை... எனக்கே படிக்கத் தெரியவில்லை!